எஃப்எஃப்டிடபிள்யூ யாருடைய வெற்றி: ஓகேமலுக்கா, சி-க்கா?

லாம்டாதாசன்:
பைதான் வேகம் பற்றிய திரியில் கேச்மிஸ் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: "ஃபங்ஷனல் மொழியில் ஒரு உறுப்பை மாற்ற அரே முழுவதையும் காப்பி எடுக்க வேண்டும். பாடம் நடத்த நல்லது, எண்கணிப்புக்கு உதவாது." ஃபங்ஷனல் மொழி என்று பொதுவாகச் சொல்வது, தரவை அதே இடத்தில் மாற்றாமல் ஃபங்ஷன்களாலேயே கணக்கிடும் மொழியை. அவர் சொன்னதற்கு லைக் குவிந்திருக்கிறது. பார்த்ததும் எரிச்சல் வந்தது. அதனால்தான் இந்தத் திரி.

அதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் எஃப்எஃப்டிடபிள்யூவைப் பயன்படுத்திக்கொண்டேதான் சொல்கிறார்கள். எம்ஐடியில் மாட்டியோ ஃப்ரிகோவும் ஸ்டீவன் ஜான்சனும் 1997-இல் வெளியிட்ட, சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்ற நூலகம் அது. மேட்லாப் என்ற கணித மென்பொருளில் எஃப்எஃப்டி (வேக ஃபூரியர் மாற்றம்) போட்டால் உள்ளே ஓடுவது அதுதான். கணினி தயாரிக்கும் நிறுவனங்களே தங்கள் இயந்திரத்துக்கென்று எழுதிய நூலகங்களோடு போட்டி போட்டு, பல இடங்களில் முந்தியது. 1999-இல் எண்கணிப்பு மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசு வாங்கியது. அதன் வேகத்துக்குக் காரணமான நிரல்துண்டுகளை உருவாக்கும் ஜென்எஃப்எஃப்டி, முழுக்க முழுக்க ஓகேமல் என்ற ஃபங்ஷனல் மொழியில் எழுதப்பட்டது. இனி "உதவாது" என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சொல்லட்டும்.

கேச்மிஸ்:
பதில் ஒரே வரி. ஓடுவது சி.

ஜென்எஃப்எஃப்டி சி நிரலை எழுதித் தருகிறது. அதை ஜிசிசி என்ற சி கம்பைலர் இயந்திர மொழியாக மாற்றுகிறது. மேட்லாபில் எஃப்எஃப்டி ஓடும்போது உங்கள் ஓகேமல் அந்த இயந்திரத்தில் இருக்கவே வேண்டியதில்லை. உரையை அச்சடிக்கும் ஸ்கிரிப்ட் அது, பெர்லிலும் எழுதியிருக்கலாம். இதைக் காட்டித்தான் ஃபங்ஷனல் மொழி ஜெயித்தது என்கிறீர்களா?

லாம்டாதாசன்:
ஸ்கிரிப்டா? ஃப்ரிகோ 1999-இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தெரிகிறது.

ஜென்எஃப்எஃப்டி ஒரு கம்பைலர். கொடுத்த நீளத்துக்கான மாற்றத்தை முதலில் ஒரு வரைபடமாகக் கட்டுகிறது: ஒவ்வொரு கூட்டலும் பெருக்கலும் ஒரு கணு. பிறகு அந்த வரைபடத்தை இயற்கணித விதிகளால் சுருக்குகிறது. பிறகு கணுக்களை எந்த வரிசையில் கணக்கிட்டால் ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் இருக்கும் சில சேமிப்பிடங்கள்) நிரம்பி நினைவகத்துக்குத் தளும்புவது குறையும் என்று பார்த்து அடுக்குகிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் சி-யாக எழுதுகிறது. இந்தச் சுருக்கும் வேலையின்போது, அதுவரை யாருக்கும் தெரியாத அல்காரிதங்களை அது கண்டுபிடித்தது. எழுதியவரே எதிர்பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். மரங்களையும் வரைபடங்களையும் வடிவம் பார்த்துப் பிரித்து மாற்றுவது ஓகேமல் சேர்ந்த எம்எல் குடும்பத்து மொழிகளுக்குக் கைவந்த வேலை. வேகம் அங்கே பிறந்தது.

கேச்மிஸ்:
அருமை. அப்புறம் ஓடியது எது? சி.

ஓடும் நேரத்தில் எந்தத் துண்டை எதோடு சேர்ப்பது என்று அளந்து பார்த்து முடிவெடுக்கும் திட்டமிடுபவன் எந்த மொழியில் இருக்கிறது? அதுவும் சி. கையால் எழுதிய சி. அதைப் பற்றி உங்கள் நீண்ட பதிவில் ஒரு சொல் இல்லை.

பழையஃபோர்ட்ரான்:
தம்பிகளா, இந்தச் சண்டை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே நடந்தது. 1983-இல் சிசல் என்று ஒரு ஃபங்ஷனல் மொழி வந்தது. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகமே பின்னால் நின்றது. ஒரு மாறிக்கு ஒரு முறைதான் மதிப்பு தரலாம், இணையாக ஓட்டுவதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். இன்று சிசலில் எழுதிய வானிலை மாதிரி ஒன்றைக் காட்டுங்கள். வெதர் ரிசர்ச் அண்ட் ஃபோர்காஸ்டிங் என்ற வானிலை மாதிரி எந்த மொழியில் ஓடுகிறது என்று போய்ப் பாருங்கள்: ஃபோர்ட்ரான்.

ஃபோர்ட்ரானில் ஒரு சப்ரூட்டினுக்கு இரண்டு அரே அனுப்பி, அதில் ஒன்றில் எழுதினால், இரண்டும் ஒரே இடத்தைக் குறிக்கக் கூடாது என்பது விதி. கம்பைலர் அதை நம்பித் துணிந்து வேலை செய்யும். சி-க்கு அந்த வசதி 1999-இல்தான் கிடைத்தது. காப்பியும் வேண்டாம், ஓகேமலும் வேண்டாம்.

லாம்டாதாசன்:
ஐயா, சிசலை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. 1992-இல் டேவிட் கேன் க்ரே சூப்பர் கணினிகளில் ஓட்டிக் காட்டினார், ஃபோர்ட்ரானுக்கு ஈடாக நின்றது. கேச்மிஸ் சொன்ன அந்த "காப்பி" பிரச்சினையை அப்போதே தீர்த்துவிட்டார்கள்: பழைய அரேயை இனி யாரும் படிக்கப் போவதில்லை என்று கம்பைலர் கண்டுபிடித்தால் அதே இடத்தில் எழுதிவிடும். சிசல் நின்றுபோனது பணம் நின்றதால். வேகம் இல்லாததால் இல்லை.

ஃபோர்ட்ரானை உருவாக்கிய ஜான் பேக்கஸே 1977-இல் டூரிங் விருது வாங்கிய மேடையில் என்ன பேசினார் தெரியுமா? ஒவ்வொரு சொல்லாக நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே இழுத்துக்கொண்டிருக்கும் இந்தப் பாணியிலிருந்து விடுபட வேண்டும் என்று. உங்கள் மொழியின் தந்தையே எங்கள் பக்கம்.

பழையஃபோர்ட்ரான்:
பேக்கஸ் 1957-இல் செய்தது இன்றும் ஓடுகிறது. 1977-இல் பேசியது எந்த இயந்திரத்தில் ஓடுகிறது? மேடைப் பேச்சை மேற்கோள் காட்டாதே தம்பி. 95-ஆம் ஆண்டு ஃபோர்ட்ரானிலேயே பக்கவிளைவில்லாத (வெளியே எதையும் மாற்றாத) சப்ரூட்டினை அறிவிக்கலாம். 2008-இல் இணையாக ஓடத் தகுந்த லூப்பும் வந்துவிட்டது. வேண்டியதை நாங்களே எடுத்துக்கொண்டோம்.

லாம்டாதாசன்:
எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள் ஐயா. பக்கவிளைவில்லாத ஃபங்ஷன் யாருடைய சரக்கு?

மிதவைப்புள்ளி:
முதலில் எதை ஃபங்ஷனல் என்று சொல்கிறோம்? மாறாத தரவா, தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் சோம்பல் மதிப்பீடா, ஃபங்ஷனை ஃபங்ஷனுக்கு அனுப்புவதா? இதைத் தீர்க்காமல் பேசினால் ஆளுக்கொன்றைப் பேசிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று. "பக்கவிளைவில்லை, அதனால் தாராளமாக இணையாக ஓட்டலாம்" என்பது மிதவைப்புள்ளி எண்களில் (குறிப்பிட்ட அளவு இலக்கங்களே நிற்கும் எண்கள்) அவ்வளவு எளிதில்லை. ஒன்றுக்குப் பின் 16 பூஜ்யம் போட்ட எண்ணோடு இரட்டைத் துல்லியத்தில் ஒன்றைக் கூட்டுங்கள், எண் மாறாது. மறுபடி ஒன்றைக் கூட்டுங்கள், அப்போதும் மாறாது. அதற்குப் பதில் இரண்டு ஒன்றுகளையும் முதலில் கூட்டிவிட்டு அதைச் சேர்த்தால் 2 கூடிவிடும். கூட்டும் வரிசை மாறினால் விடை மாறும்.

கேச்மிஸ்:
அதெல்லாம் எல்லா மொழியிலும் உள்ளதுதான். கம்பைலருக்கு வேககணித ஃபிளாக் (வரிசையை மாற்றிக்கொள்ள அனுமதி) கொடுத்தால் சி-யும் அப்படித்தான் செய்யும். திரியைத் திசைதிருப்பாதீர்கள். ஓடுவது சி என்று சொன்னேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மிதவைப்புள்ளி:
வேககணித ஃபிளாக்கோடு ஓட்டி வந்த விடையை நம்புகிறவரிடம் எனக்குப் பேச்சில்லை.

கேச்மிஸ்:
நான் நம்புகிறேன் என்று எங்கே சொன்னேன்? சொல்லாததைச் சொன்னதாக்குவது உங்களுக்குப் பழக்கம். ஜூலியா மொழித் திரியிலும் இதையேதான் செய்தீர்கள்.

கோவையான்:
நான் ஜாக்ஸ் என்ற பைதான் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். கூகுள் 2018-இல் வெளியிட்டது. அரேயின் உறுப்பில் நேரடியாக எழுதப் போனால் பிழை காட்டும், மாற்றிய புதிய அரேயைத்தான் திருப்பித் தரும். ஆனால் ஜிட் செய்த (ஓடும்போதே கம்பைல் செய்த) ஃபங்ஷனுக்குள் எக்ஸ்எல்ஏ கம்பைலர் பெரும்பாலும் அந்தக் காப்பியை எடுத்துவிடுகிறது. ஃபங்ஷன் பக்கவிளைவில்லாமல் தூயதாக இருப்பதால்தான் டெரிவேட்டிவ் எடுப்பதையும், ஒரு மாதிரிக்கு எழுதியதைத் தொகுப்பு முழுவதற்கும் விரிப்பதையும் ஒரே வரியில் செய்ய முடிகிறது. காப்பி என்று பயமுறுத்துகிறவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

கேச்மிஸ்:
எக்ஸ்எல்ஏ எந்த மொழியில் எழுதியது? சி பிளஸ் பிளஸ். மறுபடியும் அதே கதை.

லாம்டாதாசன்:
இதே வாதத்தை நேர்மையோடு கடைசிவரை கொண்டுபோங்கள் கேச்மிஸ். ஜிசிசி உங்கள் சி-யை அசெம்பிளியாக மாற்றுகிறது. அப்படியானால் ஓடுவது சி-யும் இல்லை, இயந்திர மொழி. சி கம்பைலர் எழுதிக்கொடுத்த அசெம்பிளிக்குப் பெருமை சி-க்கு, ஓகேமல் கம்பைலர் எழுதிக்கொடுத்த சி-க்கும் பெருமை சி-க்கே! இது என்ன கணக்கு?

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஃபுதார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். தூய ஃபங்ஷனல் மொழி, ஜிபியு (கிராபிக்ஸ் செயலி) நிரலாகக் கம்பைல் ஆகிறது. ஒரு அரேயை "நுகர்ந்துவிட்டேன்" என்று டைப்பிலேயே சொன்னால் அதே இடத்தில் எழுதும். பிறகு பழைய பெயரைத் தொட்டால் கம்பைலரே மறுத்துவிடும். பத்தாயிரத்துக்குப் பத்தாயிரம் மேட்ரிக்ஸ், இரட்டைத் துல்லியத்தில் 800 மெகாபைட். சமன்பாடுகளைத் தீர்க்கும் காஸ் நீக்கலில் ஒவ்வொரு படிக்கும் அதைக் காப்பி எடுப்போம் என்று எங்களை யார் நினைத்தது? படங்களைச் செயலாக்கும் ஹேலைடும் அப்படித்தான்: 2012-இல் வந்தது, என்ன கணக்கிடுவது என்பதைத் தூய ஃபங்ஷன்களாக எழுதுவோம், எந்த வரிசையில், எத்தனை திரெட்டில், எத்தனை எண்களை ஒரே கட்டளையில் சேர்த்து (வெக்டராக்கி) ஓட்டுவது என்பதைத் தனியே எழுதுவோம். ஃபோட்டோஷாப்பிலேயே இருக்கிறது. என்ன கணக்கிடுகிறோம் என்பதில் பக்கவிளைவு இல்லாததால்தான் வரிசையை இஷ்டத்துக்கு மாற்ற முடிகிறது. பாயின்ட்டர்கள் அலையும் சி நிரலில் ஒரு லூப்பை நகர்த்த, ஒன்றையொன்று தொடவில்லை என்று கம்பைலருக்கு யார் நிரூபித்துக் காட்டுவது?

பழையஃபோர்ட்ரான்:
ஃபோர்ட்ரானில் நிரூபிக்கவே வேண்டாம் என்று மேலே சொன்னேன். படிப்பதில்லை.

கேச்மிஸ்:
ஹேலைட் சி பிளஸ் பிளஸுக்குள் இருக்கும் நூலகம். ஜாக்ஸ் பைதான். நீங்கள் காட்டுவது எதுவும் நிஜமான ஃபங்ஷனல் மொழியில் ஓடவில்லை. நேராகவே கேட்கிறேன்: ஓகேமலிலேயே எழுதி, ஓகேமல் கம்பைலரிலேயே ஓடி, எஃப்எஃப்டிடபிள்யூவை முந்தும் ஒரு எஃப்எஃப்டி காட்டுங்கள். முடியாது. லூப்பைத் தானாக வெக்டராக்க அந்தக் கம்பைலருக்குத் தெரியாது. 2022 டிசம்பரில் 5.0 வரும்வரை இரண்டு கோரில் இணையாக ஓடவும் தெரியாது.

லாம்டாதாசன்:
எஃப்எஃப்டிடபிள்யூவை முந்த எஃப்எஃப்டிடபிள்யூவை உருவாக்கிய ஓகேமலையே கேட்கிறீர்கள். சரி, நானும் நேராகவே கேட்கிறேன்: ஜென்எஃப்எஃப்டி எழுதித் தந்த 64 புள்ளித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரிசையில் ஒரு கூட்டலைக்கூடப் பார்க்காமல், வெறும் கையால் சி-யில் அதற்கு ஈடான ஒன்றை எழுதி இங்கே ஒட்டுங்கள். பெர்லில் அதை உருவாக்கும் ஸ்கிரிப்டையும் சேர்த்தே ஒட்டுங்கள், எழுதியிருக்கலாம் என்று சொன்னவர் நீங்கள்தானே.

கேச்மிஸ்:
ஒட்டினாலும் அதுவும் சி-யில்தான் ஓடும்.