ஃபோலியோ, குவார்ட்டோ: அரைத்தாள், கால்தாள் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஷேக்ஸ்பியர் வாழ்க்கை பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் ஸ்ட்ராட்ஃபோர்ட், லண்டன், குளோப் அரங்கு எல்லாம் தடங்கலில்லாமல் நகர்ந்தன. 1616-இல் அவர் இறந்த பிறகுதான் மாட்டிக்கொண்டேன். அவருடைய நாடகக் குழுத் தோழர்கள் ஜான் ஹெமிங்ஸும் ஹென்றி காண்டெலும் அவருடைய 36 நாடகங்களைத் திரட்ட, 1623-இல் வெளிவந்த அந்தப் பெரிய புத்தகத்தை ஆங்கிலத்தில் 'ஃபர்ஸ்ட் ஃபோலியோ' என்பார்கள். தமிழில் என்னவென்று எழுதுவது?

> 'முதல் ஃபோலியோ' என்றே விட்டுவிடலாமே.

விடலாம். ஆனால் இன்று ஃபோலியோ என்றால் மியூச்சுவல் ஃபண்டு கணக்கு எண்தான் நினைவுக்கு வரும். குவார்ட்டோ பாடு இன்னும் மோசம். டாஸ்மாக் வாடை அடிக்கிறது.

> 'முதல் பெருந்தொகை' நன்றாக இருக்கிறதே.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபோலியோ தொகுப்பைச் சொல்லும் சொல் அல்ல, தாளை மடித்த விதத்தைச் சொல்வது. முழுத்தாளை ஒருமுறை மடித்தால் 2 இதழ், 4 பக்கம்: ஃபோலியோ. இன்னொரு முறை மடித்தால் 4 இதழ், 8 பக்கம்: குவார்ட்டோ. ஷேக்ஸ்பியர் கதையில் இந்த மடிப்புக்கு எடை அதிகம். அவர் உயிரோடிருந்தபோது அச்சேறிய நாடகங்கள் பெரும்பாலும் மெலிந்த குவார்ட்டோக்கள். 1594-இல் வந்த 'டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்' முகப்பில் ஆசிரியர் பெயர்கூட இல்லை. ஃபோலியோ அளவெல்லாம் சமயம், வரலாறு போன்ற கனத்த நூல்களுக்கு. 1616-இல் பென் ஜான்சன் தம் நாடகங்களை அந்த அளவில் போட்டு 'படைப்புகள்' என்று பெயரும் வைத்ததற்குக் கேலி செய்தார்கள். அப்படியிருந்தும் தோழர்கள் துணிந்தார்கள். மாக்பெத், டெம்பெஸ்ட், ஜூலியஸ் சீசர் உள்ளிட்ட 18 நாடகங்கள் அதுவரை அச்சையே பார்த்ததில்லை.

முதலில் 'ஒருமடிப்பு, இருமடிப்பு' என்று வைத்துப் பார்த்தேன். 1632-இல் வந்தது 'இரண்டாம் ஒருமடிப்பு', 1603 ஹாம்லெட் 'முதல் இருமடிப்பு' என்று எழுதும்போது எனக்கே தலை சுற்றியது. 'ஈரேடு, நாலேடு' என்றால் மெய்ப்புப் பார்ப்பவர் 'நாளேடு' என்று திருத்திவிடுவார்.

கடைசியில் அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்று பின்னங்களுக்குப் பெயர் சொல்லும் நம் கீழ்வாயிலக்கம்தான் கைகொடுத்தது. அரைத்தாள், கால்தாள், எட்டு இதழாக மடிக்கும் ஆக்டேவோவுக்கு அரைக்கால்தாள், பதினாறாக மடித்தால் மாகாணித்தாள். குவார்ட்டோ என்ற சொல்லிலும் நான்கில் ஒன்று என்ற பொருள்தான் இருக்கிறது. நம் பதிப்பகங்கள் நூல் விவரப் பக்கத்தில் 'டெமி 1/8' (டெமி அளவுத் தாளில் எட்டில் ஒன்று) என்று போடுவதும் இதே கணக்குதானே?

* * *

ஐயா, கணக்கு அருமை. ஆனாலும் இரண்டு உறுத்தல். அரைத்தாள் என்றால் அரைகுறை என்பதுபோல் காதில் விழுகிறது. இருப்பதிலேயே பெரிய அளவுக்கு இந்தப் பெயரா? அரைக்கால் என்றதும் அரைக்கால் சட்டைதான் கண்முன் வருகிறது. ஷேக்ஸ்பியர் கட்டுரைக்கு ஆக்டேவோ அவசியமா?

* * *

அவசியம்தான் அம்மா. 'ஆறாம் ஹென்றி' மூன்றாம் பாகத்தின் 1595 பதிப்பு ஆக்டேவோ. அதைக் கால்தாள் வரிசையில் சேர்த்தால் தவறாகிவிடும். சட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம், அரைக்கால் படி அளந்த வீடுகள்தானே நம்முடையவை!

முதல் உறுத்தல் நியாயமானது. 1623 நூலை முதல் தடவை மட்டும் 'அரைத்தாள் பெரும்பதிப்பு' என்று எழுதிவிட்டு, அடுத்து 'முதல் அரைத்தாள்' என்று சுருக்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று பாக்கி. 1603 ஹாம்லெட்டில் 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்ற அந்தப் புகழ்பெற்ற தனிமொழி 'அதுதான் கேள்வி' என்று போகாமல் 'அதுதான் விஷயம்' என்ற தொனியில் போகும். இப்படி வாசகம் திரிந்துபோன பதிப்புகளை ஆங்கிலத்தில் 'கெட்ட குவார்ட்டோ' என்பார்கள். 'கெட்ட கால்தாள்' என்றால் யாருக்கோ காலில் ஏதோ என்று தோன்றும். 'சிதைந்த' என்றால் செல்லரித்த பிரதி ஆகிவிடும். பிரதிக்குப் பிரதி வாசகம் மாறுபடுவதைச் சொல்ல பாடபேதம் என்ற சொல் நம்மிடம் இருப்பதால் 'திரிபாடக் கால்தாள்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். சுவடிப் பதிப்பில் கை பழகியவர்கள் யாராவது இதைத் தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.