குழப்படிக் குதிரை எண்டு வித்துப்போட நிண்டம், வாயைத் திறந்து பாத்தா வேற கதை. உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

கோப்பாய்க்காரன்:

வணக்கம். இது கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ. யாழ்ப்பாணத்தில குதிரையோட மினக்கெடுற ஆக்கள் எத்தினை பேர் இருக்கினமோ தெரியேல்லை, ஆனா குதிரையள் தன்ர பாட்டில திரியிற நெடுந்தீவில பிறந்தவை, வெளிநாட்டில குதிரைப் பண்ணை வழிய நிண்டவை எண்டு ஆராவது இருப்பியள் எண்டுதான் எழுதுறன்.

போன வருசம் என்ர மச்சான் கலியாண ஊர்வலத்துக்கு விடலாம் எண்டு ஒரு குதிரை வாங்கினவர். நுவரெலியாப் பக்கம் ரேஸ் ஓடி முடிஞ்சது, செம்பு நிறம், நல்ல உயரம். செம்பன் எண்டு பேர் வைச்சம். வந்து மூண்டாம் கிழமை, மாப்பிள்ளையை ஏத்திக்கொண்டு போகேக்கை தவில் தொடங்கினதுதான், முன்னங்கால் ரெண்டையும் தூக்கிச்சு, மாப்பிள்ளை தலைப்பாகையோட வேலிக்கரையில கிடக்கிறார். நல்ல காலம் எலும்பு ஒண்டும் முறியேல்லை, கலியாணமும் நடந்தது, காசைத்தான் திருப்பிக் குடுத்தம். அதுக்குப் பிறகு கடிவாளத்தை எடுத்தாலே காதைப் பின்னுக்கு மடிச்சுக்கொண்டு கடிக்க வரும். ஒருத்தர் நாவூறு எண்டார், ஒருத்தர் சுழி பிழை எண்டார், இன்னொருத்தர் ரெண்டு நாள் பட்டினி போட்டு நாலு சாத்துச் சாத்தினா எல்லாம் சரிவரும் எண்டார். அதையும் செய்தவை. எழுத வெக்கமாக் கிடக்கு, ஏனெண்டா அண்டைக்குக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான்தான்.

விக்கிறதுக்கு முதல் ஒருக்காக் காட்டுவம் எண்டு மிருக வைத்தியர் ஒருத்தரைக் கூப்பிட்டம். மனிசன் குதிரையைத் தொடமுதல் கால் மணித்தியாலம் சும்மா தள்ளி நிண்டு பாத்தார். பேந்து மயக்க ஊசி கொஞ்சமாப் போட்டு, வாயைத் திறந்து டோர்ச் அடிச்சுக் காட்டினார், கன்னத்தின்ர உள்பக்கம் முழுக்கப் புண். குதிரையின்ர கடைவாய்ப் பல்லு முரசுக்குள்ள இருந்து வெளிய வந்துகொண்டே இருக்குமாம், அது பக்கவாட்டில அரைச்சு அரைச்சுத் தேயவேணும், கீழ்த் தாடை மேல் தாடையை விட ஒடுக்கம் எண்டபடியா மேல்பல்லின்ர வெளிக்கரை தேயாமல் கத்தி மாதிரி நிண்டிடும். அந்தக் கத்திக்கு மேல தோல் வாரைப் போட்டு இறுக்கி, வாய்க்குள்ள இரும்பையும் குடுத்துத்தான் நாங்கள் மாப்பிள்ளையை ஏத்தியிருக்கிறம். அரத்தால ராவி விட்டார், அரை மணித்தியாலம் கூட எடுக்கேல்லை.

அதோட முடியேல்லை. முதுகில, பிடரி முடியிற இடத்தில ரெண்டு பக்கமும் வெள்ளை மயிர்ப் பொட்டு இருந்தது. நாங்கள் அதை வடிவு எண்டு நினைச்சு, போட்டோவுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுறனாங்கள். அது சரியில்லாத சேணம் நசிச்சு நசிச்சு வந்த பழைய காயத்தின்ர அடையாளமாம், அந்த இடத்தில பிறகு வெள்ளை மயிர்தான் முளைக்குமாம். குளம்பும் அப்பிடித்தான், 6 முதல் 8 கிழமைக்கு ஒருக்கா வெட்டிச் சீராக்கவேணும், எங்கட ஆளுக்கு எத்தினை மாதமோ ஆருக்குத் தெரியும். மாட்டுக்கு லாடம் அடிக்கிற ஐயாவைக் கேட்டன், "தம்பி, மாடெண்டா விழுத்திப்போட்டு அடிப்பன், உதை என்னால ஏலாது" எண்டிட்டார். கடைசியில தெற்கில இருந்து ஆள் வந்தது.

பிறகு ரெண்டு மாதம் ஒருத்தரும் ஏறேல்லை. நான் பின்னேரத்தில வளவுக்குள்ள பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் வாசிப்பன். அம்மா எனக்கும் விசர் பிடிச்சிட்டுது எண்டு அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னவ. 11ஆம் நாள் பின்னால வந்து பிடரியில சூடா மூச்சு விட்டான். நான் அசையேல்லை, அசைய வேணும் போலத்தான் இருந்தது.

இப்பக் கடிக்கிறேல்லை. ஆனா ஒரு பிரச்சினை கிடக்கு, அதுக்குத்தான் இதை எழுதத் தொடங்கினதே. அவன் படுக்கிறேல்லை. நிண்டபடி கண்ணை மூடுறான், திடீரெண்டு முன்னங்கால் மடிஞ்சு விழப் பாத்து எழும்புறான். கணுக்கால் முன்பக்கம் உரசல் காயமும் இருக்கு. குதிரை நிண்டுதானே நித்திரை கொள்ளும் எண்டு எல்லாரும் சொல்லுகினம். உண்மையோ?

வண்டில்காரன்:

தம்பி, நான் 15 வருசமா வண்டிலும் குதிரையும் வைச்சிருக்கிறன். கதிரை போட்டுப் பேப்பர் வாசிக்கிறதெல்லாம் வெள்ளைக்காரன்ர விளையாட்டு, தீனிச் செலவு ஆர் தாறது? பல்லுக் கதை சரி, அதை ஒத்துக்கொள்ளுறன், நானும் ஒண்டை அப்பிடி இழந்தனான். ஆனா தவிலுக்கு வெருண்டதுக்குப் பல்லு மட்டும் காரணமில்லை. நீங்கள் மேளக்காரரைக் குதிரைக்குக் கிட்டக் கொண்டுபோயிருப்பியள். அது பிழை. மேளம் ஒரு இடத்தில நிக்கவேணும், தூர, ஒரு 100 யார் (கெஜம்) தள்ளி. குதிரையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட நடத்தவேணும், காது முன்னுக்கு நிமிர்ந்தா அந்த இடத்தில நில்லு, தலையைக் கீழ போட்டா திரும்பிக் கூட்டிக்கொண்டு போ. ஒரு நாளைக்கு 10 நிமிசம் காணும். வெடி கடைசியாத்தான். எனக்கு இதை ஒருத்தரும் சொல்லித்தரேல்லை, ரெண்டு வண்டில் உடைஞ்சுதான் தெரிஞ்சது.

தீவான்:

நான் நெடுந்தீவு. எங்கட குதிரையளை ஆரும் பழக்கினதில்லை, பழக்கவும் வேண்டாம். போர்த்துக்கேயர் கொண்டு வந்தது, ஒல்லாந்தர் இலாயம் கட்டி வளர்த்தது, அவை போனாப் பிறகு தன்ர பாட்டில திரியுது. 2015இல அந்தப் பக்கத்தைத் தேசியப் பூங்கா ஆக்கினவை. சுற்றுலா வாற ஆக்கள் குறிகட்டுவான் துறையில குமுதினிப் படகு ஏறி வந்து, பெருக்க மரத்தையும் பாத்து, குதிரையோட செல்பி எடுக்கப் பின்னால ஓடுவினம். பின்னால போகாதையுங்கோ. குதிரைக்குக் கிட்டத்தட்டச் சுத்திவரக் கண் தெரியும், தெரியாத இடம் நேர பின்பக்கமும் மூக்குக்குக் கீழயும்தான், நீங்கள் போறது அந்த இடத்தால.

சின்னனில எங்களுக்கு வேற பொழுதுபோக்கு இல்லை, மதில்கல்லில இருந்து அதுகளைப் பாக்கிறதுதான். கடுவன்தான் தலைவன் எண்டு நினைப்பம், ஆனா எங்க போறது எண்டு முடிவெடுக்கிறது கனக்கத் தரம் ஒரு வயசான பெட்டைக் குதிரை, கடுவன் பின்னால நிண்டு சாய்ச்சுக்கொண்டு வரும். குட்டியள் பெரிய குதிரைக்குக் கிட்டப் போகேக்கை வாயைத் திறந்து திறந்து மூடும், "நான் சின்னப் பிள்ளை, அடிக்காதை" எண்ட மாதிரி. ரெண்டு பேர் எதிர் எதிரா நிண்டு ஒருத்தரின்ர பிடரியடியை மற்றவர் பல்லால சொறிஞ்சு விடுவினம், கொஞ்ச நேரம் அப்பிடியே நிக்கும். தம்பி, உங்கட செம்பனுக்கு முகத்தைத் தட்டாதையுங்கோ, அந்த இடத்தைச் சொறிஞ்சு பாருங்கோ.

ஆவணி புரட்டாதியில தண்ணி வத்தினா எல்லாம் மாறிடும். அப்ப கடுவனெல்லாம் ஒண்டையொண்டு கடிச்சுக் கிழிச்சுக்கொண்டு தொட்டியடியில நிக்கிறதைப் பாத்திருக்கிறன், எலும்பு எண்ணலாம். தண்ணி குடுக்கிற வருசத்தில அதே குதிரையள் பூனை மாதிரி. குணம் எண்டு நாங்கள் சொல்லுறதில பாதி தண்ணிதான்.

அங்க பகலில நாலைஞ்சு குதிரை வெளியில பக்கவாட்டில படுத்துக் கிடக்கும், முதல் பாக்கிற ஆக்கள் செத்துப்போச்சு எண்டு பயப்பிடுவினம். ஒண்டு மட்டும் நிண்டுகொண்டு இருக்கும்.

ரொறன்ரோ அக்கா:

தீவான் அண்ணை கடைசியா எழுதினதுதான் கோப்பாய்த் தம்பின்ர கேள்விக்கு மறுமொழி. நான் இஞ்ச கைவிட்ட குதிரையளைப் பாக்கிற ஒரு பண்ணையில சனிக்கிழமையில சாணி அள்ளப் போறனான், நாலு வருசமாச்சு. நிண்டு கொள்ளுறது அரைத் தூக்கம். ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குக் குதிரை படுத்தே ஆகவேணும், நாளுக்கு அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ காணும், ஆனா அதுவும் கிடைக்காட்டி நாள்பட நிண்டபடியே சரியும். நீங்கள் சொன்ன கணுக்கால் காயம் அதாலதான் வந்திருக்கும். படுக்காததுக்கு மூண்டு காரணம் பாக்கச் சொல்லுவினம்: மூட்டு நோ, நிலம் கடினம், காவலுக்கு ஆளில்லை. தனிக் குதிரை எண்டா மூண்டாவதுதான் எனக்கு முதல் சந்தேகம், எதுக்கும் மூட்டை வைத்தியரிட்டக் காட்டுங்கோ.

இன்னொண்டு, பட்டினி போட்டது எண்டு எழுதினது என்னை நித்திரை கொள்ள விடேல்லை. ரெண்டு நாள் எண்டபடியாத் தப்பினான். இஞ்ச எலும்பும் தோலுமா ஒரு பெட்டைக் குதிரை வந்தது. இஞ்ச உடம்பை 1 முதல் 9 வரை புள்ளி போட்டுப் பாக்கிறவை, அதுக்கு 1. நான் பாவப்பட்டு ஒரு வாளி தானியத்தைத் தூக்கிக்கொண்டு ஓட, பொறுப்பானவ கத்தி வாளியைப் பறிச்சவ. கனநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் தானியம் போட்டா இரத்தத்தில இருக்கிற பொஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் திடீரெண்டு இறங்கி, மூண்டு நாலு நாளில இதயம் நிண்டிடுமாம். காய்ஞ்ச புல்லு, கொஞ்சமா, 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இரவும்தான். சோறு போட்டுக் கொல்லுறது எண்டா அண்டைக்குத்தான் விளங்கினது.

மால்காரன்:

நான் மாடுதான், குதிரை இல்லை, எண்டாலும் அயலில ஒரு போனியைப் பாத்தனான். செம்பனுக்குத் தீனி என்ன? தவிடும் வைக்கலும் எண்டா கவனம். தவிட்டில பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு, நாள்பட எலும்பில இருக்கிற கல்சியத்தை உடம்பு இழுத்து முகத்தெலும்பு வீங்கும். சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகம் கீரிமலைத் தண்ணியில போய் மாவிட்டபுரம் எண்ட பேர் வந்தது எண்டு கதையில படிச்சனாங்கள், குதிரைக்கே முகம் பழுதாப்போனா எந்தக் கேணிக்குக் கொண்டுபோறது? 

படுக்க மணல் கொட்டுவியள், அது நல்லம், ஆனா தீனியை மணலில போடாதையுங்கோ. அந்தப் போனி அப்பிடித்தான் மணலைத் தின்டு வயித்துக்குத்தில செத்தது, குதிரைக்குச் சத்தியும் எடுக்க ஏலாது. சாணியில ஒரு பிடியை எடுத்து பொலித்தீன் பையில தண்ணியோட கலக்கித் தூக்கிவிடுங்கோ, மணல் இருந்தா அடியில தேங்கும். செலவில்லாத சோதனை.

மன்னார்க் கழுதை:

எங்கட ஊரில குதிரை இல்லை, கழுதை ரோட்டு வழிய. வாகனம் அடிச்சுக் கால் முறிஞ்ச ஒண்டுக்கு மூண்டு மாதம் கட்டுக் கட்டினம். நோ இருந்தாலும் காட்டாது, அமைதியா நிக்கும், தின்னாட்டித்தான் விளங்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கோப்பாய்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஆறு கிழமை கழிச்சு எழுதுறன். மூட்டைக் காட்டினம், பழுதில்லை. பை சோதனை செய்தன், ஒரு தேக்கரண்டி மணல் வந்தது, இப்ப தீனியெல்லாம் வெட்டின பரலுக்குள்ளதான், தவிட்டைக் குறைச்சுப் புல்லுக் கூட்டினம். வண்டில்கார அண்ணை, உங்கட 100 யார் வேலை செய்யுது, பக்கத்துக் கோயில் பூசைக்கு மேளம் அடிக்கேக்கை ஒழுங்கையால நடத்திக்கொண்டு போறன், இப்ப 40 யாரில நிண்டு புல்லுத் தின்னுறான். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்க வாற ஓட்டோவுக்குத்தான் இன்னும் வெருளுறான், அந்தப் பாட்டில அவனுக்கு என்ன கோவமோ. சொறியிற இடமும் சரி தீவான் அண்ணை, மேல் சொண்டு நீண்டு கோணலாப் போகுது, பாக்கச் சிரிப்பு.

இன்னொரு குதிரைக்குக் காசில்லை. அதால அம்மான்ர ஆட்டில ஒண்டைக் கொட்டிலுக்குள்ள விட்டம், தென்பக்கம் மணல் ஒரு அடிக்குக் கொட்டி. முதல் கிழமை ஆடு அவன்ர புல்லைத் தின்டுது, அவன் ஆட்டைத் துரத்தினான், அம்மா என்னைத் துரத்தினா. நேற்று விடிய அஞ்சு மணிக்குப் போனன். நிண்டுகொண்டுதான் இருந்தான், ஆனா இடப்பக்க விலா, தோள், கன்னம் எல்லாம் மணல், பிடரிக்குள்ளயும் மணல். ஆடு வாசலில நிண்டு என்னைப் பாத்துக் கத்திச்சுது.

மணலை நான் தட்டிவிடேல்லை. அம்மா ஆட்டைத் திருப்பிக் கேக்கிறா, அதுக்கு என்ன சொல்லலாம் எண்டு ஆராவது எழுதுங்கோ.