சம்பளம் குறைந்தால் வீட்டில் சொல்லுக்கும் மதிப்புக் குறையுமா?

உப்புவெளியான்:
திருகோணமலையில் வாகனக் கடன் கொடுக்கிற நிறுவனம் ஒன்றில் வசூல் பிரிவில் இருந்தேன். தவணை தவறிய ஆட்டோக்களைப் போய் எடுத்து வருவதும் எங்கள் வேலைதான். தம்பலகாமத்தில் ஒரு வீட்டில் ஆட்டோவை எடுக்கும்போது பின் சீட்டில் பள்ளிக்கூடப் பை கிடந்தது. பிள்ளை வந்து பையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போகும்வரை திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தகப்பன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டேன்.

இப்போது நிலாவெளியில் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றுகிற படகில் வேலை. மாரியில் கடல் விடாது, அந்த மாதங்களில் கிடைத்த வேலைக்குப் போகிறேன். வருமானம் பழைய சம்பளத்தில் பாதிக்கு வராது. அதைத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டில் நடப்பதுதான் தாங்க முடியவில்லை. தங்கச்சிக்குச் சீதன வீடு கட்டுகிறோம். மேசனோடு பேசும்போது அப்பா என்னைக் கூப்பிடுவதில்லை. கத்தாரில் இருக்கிற பெரியம்மாவின் மகனுக்குத்தான் போன் போகிறது. முன்பெல்லாம் ஆணி வாங்குவதென்றாலும் என்னிடம் கேட்பார்.

வேலையை விட்டது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஒருவனுடைய சொல்லின் நிறை அவன் கொண்டுவருகிற காசுதானா? உங்கள் வீடுகளில் எப்படி?

கணக்குப்பிள்ளை:
தம்பி, மனம் நோகும், ஆனாலும் சொல்கிறேன். அந்த ஆட்டோவுக்குக் கொடுத்த காசு வானத்திலிருந்து விழவில்லை. ஓய்வுபெற்ற யாரோ ஒருவர் நிலையான வைப்பில் போட்டது. அறவிட ஆள் இல்லையென்றால் அடுத்த ஏழைக்கு ஆட்டோ எடுக்கக் கடன் கிடைக்காது. நீங்கள் விட்ட இடத்தில் இப்போது வேறொருவன் திறப்போடு நிற்கிறான். அவனுக்கு உங்கள் அளவு இரக்கம் இருக்குமோ தெரியாது.

அப்பா உங்களை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொங்கிறீட் தட்டுக்குக் காசு தருகிறவரிடம் தட்டு எத்தனை அடி என்று கேட்கிறார், அவ்வளவுதான். 2022 பொருளாதார நெருக்கடியை மறந்துவிட்டீர்களா? ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது. நம் கரையோரத்தில் எத்தனை வள்ளங்கள் கடலுக்கு இறங்காமல் மணலில் கிடந்தன! செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டிப் போனது. அந்த வருடம் பல வீடுகளில் உலை கொதித்தது வெளிநாட்டுக் காசில்தான். கொள்கை பேச எல்லோருக்கும் ஆசை. வயிறு நிறைந்த பிறகுதான் அதற்கு நேரம் வரும்.

அன்புவழிபுரம் அக்கா:
கணக்குப்பிள்ளை அண்ணா, நான் பல வருடமாகச் சீட்டுப் பிடிக்கிறேன். மாதம் பத்தாயிரம், இருபது பேர். முதல் சீட்டு எனக்கு, மிச்சம் குலுக்கல். ஆனால் அவசரம் என்று யாராவது முந்திக் கேட்டால் மற்றவர்களிடம் கேட்டுத்தான் கொடுப்பேன். இருபது பேரும் மனதில் இருப்பதைச் சொல்கிற நேரம் அது.

ஒருமுறை மாடி வீடும் வானும் வைத்திருந்த ஒருவர் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் இடியப்பம் அவித்து விற்கிற அம்மா கேட்டார், மகளுக்கு ஒப்பரேஷன். "கொடுங்கோ அக்கா" என்று ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் சொன்னார்கள். இரண்டு லட்சம் ரூபா. அவரிடம் காணி உறுதி இல்லை, நகை இல்லை, சம்பளத் துண்டு இல்லை. அவருடைய வாக்கு மட்டும்தான். காசு உள்ளவருக்குத்தான் மதிப்பு என்றால் அன்றைக்கு நடந்தது என்ன?

கணக்குப்பிள்ளை:
நடந்ததும் கணக்குத்தான் தங்கச்சி. அந்த அம்மா மாதாமாதம் பத்தாயிரத்தைத் தேதி தவறாமல் கட்டியிருக்கிறார். அதனால்தான் வாக்குக்கு விலை இருந்தது. இரண்டு மாதம் தவறியிருந்தால் அதே ஐந்தாறு பேர் என்ன சொல்லியிருப்பார்கள்? நல்ல மனம் இருந்தும் கட்ட முடியாமல் போகிறவர் உண்டு. அவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

கிண்ணியா ஆசிரியர்:
அந்தக் கடைசி வரியில்தான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் இல்லை, அந்தப் பார்வையின் மேல்.

நுண்கடன் எப்படி நடந்தது என்று நம் மாவட்டத்துப் பெண்களைக் கேளுங்கள். குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுப்பார்கள். ஒருவருக்கு மற்றவர் பிணை. ஒரு வீட்டு முற்றத்தில் வாராந்தக் கூட்டம். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை யாரும் எழும்ப முடியாது. அடமானம் வைக்க நகையோ காணியோ இல்லாத பெண்களிடம் அவர்களின் வெட்கத்தையே அடமானமாக வாங்கினார்கள். அயலவர் முன்னால் தலைகுனியக் கூடாது என்பதற்காக ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் கடனை அரசாங்கம் பொறுப்பெடுக்க வேண்டிவந்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவைப் பக்கம் ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வெட்கப்பட வேண்டியது நாங்கள் இல்லை என்று தெருவில் வந்து சொன்ன பெண்கள் அவர்கள்.

இன்னொன்று. காசு இல்லாதவருக்கு யோசனையும் இல்லை என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். 2013இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பு, கை வறண்டிருக்கும் காலத்தில், சில அறிவுச் சோதனைகள் வைத்தார்கள். அறுவடைக் காசு வந்த பின் அதே ஆட்களுக்கு மறுபடி வைத்தார்கள். முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. எதைக் கட்டுவது, யாரிடம் கேட்பது என்ற நினைப்பு முன்பு மனதை அடைத்துக்கொண்டிருந்தது. மாரியில் நம் மீனவர் வீடுகளில் நடப்பதும் இதுதான். ஆகவே காசு பெரிதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெரிதுதான். அது இல்லாத நேரத்தில் ஒருவரை எடை போடாதீர்கள் என்கிறேன்.

தோஹாவில் ஒரு கோணமலையான்:
உங்கள் பெரியம்மாவின் மகனைப் போல, வெளிநாட்டிலிருந்து அந்த போனை எடுக்கிற ஆள் நான். என் வீட்டிலும் எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். தங்கச்சியின் கலியாணத் தேதி, மதில், கிணற்றுக் கட்டு வரைக்கும். ஆரம்பத்தில் பெருமையாக இருந்தது. போன வருடம் கம்பனியில் மூன்று மாதம் சம்பளம் இழுபட்டது. அந்த மூன்று மாதமும் ஒருவரும் ஒரு விஷயமும் கேட்கவில்லை. சம்பளம் வந்த கிழமையே கேட்டைக் கறுப்பு நிறமா நீல நிறமா அடிப்பது என்று போன் வந்தது.

கணக்குப்பிள்ளை அண்ணா, அதை மரியாதை என்று சொல்லாதீர்கள். என் ஒப்பந்தம் முடிகிற அன்று அதுவும் முடியும். உப்புவெளித் தம்பி, அந்த போன் உங்களுக்கு வரவில்லையே என்று நீங்கள் ஏங்கவே தேவையில்லை.

கணக்குப்பிள்ளை:
உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆசிரியர் சொன்னதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மனச்சாட்சிப்படி வேலையை விடுகிறவன் அதன் செலவைத் தானே சுமந்தால் நான் எழுந்து நின்று கும்பிடுவேன். இங்கே கலியாணம் பேசுகிற ஒரு தங்கச்சி இருக்கிறாள். அண்ணனுடைய மனச்சாட்சிக்கு அவள் வட்டி கட்டக் கூடாது. விடுவதற்கு முன் வீட்டில் உட்காரவைத்துச் சொன்னீர்களா? இத்தனை மாதத்துக்கு இவ்வளவு தருவேன் என்று ஒரு தொகை சொன்னீர்களா?

உப்புவெளியான்:
சொன்னேன் அண்ணா. ஊழியர் சேமலாப நிதியில் கைவைக்கவில்லை. சேமிப்பிலிருந்து அத்திவாரத்துக்கான காசை முழுதாக அப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் விட்டேன். இன்றைக்கும் மாதம் ஒரு தொகை கொடுக்கிறேன், சிறிதுதான். அதனால்தான் கேட்கிறேன். கொடுக்கிறேன், ஆனாலும் என் குரல் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் சீதன வீடு போதாதென்று டொனேஷனும், அதாவது மாப்பிள்ளை பக்கத்துக்குக் கையில் காசும், கேட்கிறார்கள். அதைப் பற்றி நான் வாய் திறந்தால், "உனக்கென்ன தெரியும்" என்று முடித்துவிடுகிறார்.

அன்புவழிபுரம் அக்கா:
தம்பி, இவ்வளவு நேரமும் வாசித்தேன். ஆட்டோக்காரர், அப்பா, மேசன், கத்தார் அண்ணன், மாப்பிள்ளை வீட்டார், எல்லோரும் வந்துவிட்டார்கள். வீடு யாருடைய பெயரில்? தங்கச்சி என்ன செய்கிறாள்?

உப்புவெளியான்:
முன்பள்ளி ஆசிரியை அக்கா. வீடு அவளுடைய பெயரில்தான் எழுதுவது, எங்கள் பக்கத்து வழக்கப்படி. சம்பளம் கொஞ்சம். முழுதையும் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள்.

அன்புவழிபுரம் அக்கா:
அப்போ பாருங்கள். சம்பாதிக்கிறாள், முழுதையும் கொடுக்கிறாள், வீடும் அவளுடையது. அவளிடம் மேசன் ஒரு வார்த்தை கேட்டானா? நீங்கள் கேட்டீர்களா? காசு கொடுத்தால் குரல் வரும் என்று அண்ணா சொல்கிறார், எங்களுக்கு அது அப்படி வந்ததே இல்லை. உங்களுக்கு இந்த ஒரு வருடமாக நடப்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்து நடக்கிறது. டொனேஷன் விஷயத்தை அப்பாவோடு நீங்கள் தனியாகச் சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு முதலில் அவளைக் கேளுங்கள்.

கிண்ணியா ஆசிரியர்:
அக்கா சொன்னது உண்மை. எங்கள் பக்கமும் வீடு பெண்ணுக்குத்தான், கதைப்பது ஆண்கள்தான்.

உப்புவெளியான்:
இரவு அவளிடம் கேட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு கொப்பி ஒன்றை எடுத்து வந்து காட்டினாள். குசினிக்கு இரண்டு ஜன்னல், குளியலறை உள்ளே, தட்டு வேண்டாம் ஓடு போதும் என்று அளவோடு கீறி வைத்திருக்கிறாள். டொனேஷன் கேட்கிற இடம் தனக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் முதலிலேயே சொன்னாளாம். அது அப்பாவின் காது வரைக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசன் வருகிறார். அவளையும் கூட்டிக்கொண்டு நானும் அப்பாவோடு போய் நிற்கப்போகிறேன். கூப்பிடும்வரை காத்திருக்கப் போவதில்லை.

கணக்குப்பிள்ளை:
போங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். அவள் கீறியதை இரண்டு பிரதி எடுங்கள். தட்டுக்கும் ஓட்டுக்கும் தனித்தனியாக எஸ்டிமேட் கேளுங்கள், வித்தியாசம் லட்சக் கணக்கில் வரும். அந்தத் தொகையை அப்பா கண்ணால் பார்க்கட்டும். கடன் எடுக்கிற யோசனை இருந்தால் கையெழுத்துப் போடமுன் வட்டி வீதமும் தவணைத் தொகையும் என்னவென்று இங்கே எழுதுங்கள், கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளை விஷயத்தில் என்னிடம் கேட்காதீர்கள். அது அவள் முடிவு.