பெருந்தொற்றில் நன்கொடை: பெரிய நிதிக்கா, பக்கத்துத் தொண்டு அமைப்புக்கா?

வைகறை:
கொரோனா நேரத்து வசூல் பற்றி வேறொரு இழையில் பேச்சு வந்தபோது நண்பர் நேர்கோடு ஒரு கருத்து சொன்னார். ஆளாளுக்குச் சின்ன அமைப்புகளுக்குப் பணம் திரட்டியது வீண், எல்லாம் ஒரே பெரிய நிதிக்குப் போயிருக்க வேண்டும் என்றார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அடுத்த தொற்று வந்தாலும் இதே கேள்வி எழும் என்பதால் தனி இழையாகவே போடுகிறேன்.

பெரிய நிதிக்குப் பணம் கேட்க ஆள் இருக்கிறது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. 13ஆம் தேதி அதற்கென ஒரு நிதியும் தொடங்கியாயிற்று. நல்ல காரியம்தான். ஆனால் அதே நாட்களில் சின்ன அமைப்புகளுக்கு வரவு அப்படியே நின்றுபோனது. ஓட்டப்பந்தயம், கலைநிகழ்ச்சி, பழைய பொருள் விற்கும் கடை, உண்டியல் என்று அவர்கள் காசு பார்க்கும் வழி எல்லாமே நாலு பேர் கூடினால்தான் நடக்கும். கூட்டம் கூடாதே என்று சொன்ன நாளோடு எல்லாம் முடிந்தது. தேவையோ அன்றைக்குத்தான் ஏறத் தொடங்கியது.

அதற்கு மக்களே வழி கண்டுபிடித்தார்கள். 2020 ஏப்ரல் 26 அன்று நடக்கவிருந்த லண்டன் மாரத்தான் தள்ளிப்போனதும், அதே நாளில் '2.6 சவால்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வீட்டிலோ தோட்டத்திலோ 2.6 அல்லது 26 என்ற கணக்கில் எதையாவது செய்து, தனக்குப் பிடித்த தொண்டு அமைப்புக்குப் பணம் திரட்டலாம். 1 கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. மேலே இருந்து யாரும் இதைப் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை.

நேர்கோடு:
நண்பரே, பங்கு பிரிக்க ஆள் இல்லாததுதான் என் கவலையே. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த இடத்துக்குக் கொடுத்தால், தெரிந்தவர் இல்லாதவனுக்கு யார் கொடுப்பது?

இணையம் வழியாகப் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கோஃபண்ட்மீ தளத்தில் 2020இல் வந்த கொரோனா வேண்டுகோள்களை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 40 சதவீதத்துக்கும் மேலானவற்றுக்கு ஒருவர்கூடப் பணம் போடவில்லை. வருமானமும் படிப்பும் கூடுதலாக உள்ள வட்டாரங்களுக்கு அதிகம் சேர்ந்தது. அவை தனிமனிதர்களின் வேண்டுகோள்களும் கலந்தவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊர் கூடித் திரட்டினாலும் கதை இதுதான். வசதியான தெருவில் இருக்கும் அமைப்புக்கு நிறையும். ஏழைத் தெருவில் இருப்பதற்குக் கொடுக்க அக்கம்பக்கத்தில் யாரிடமும் இருக்காது.

இன்னொன்று, நம் மனம் கதைக்குத்தான் இளகுகிறது. 2020 ஏப்ரலில் பிரிட்டனின் முன்னாள் ராணுவ அதிகாரி கேப்டன் டாம் மூர் 99 வயதில் தன் தோட்டத்தில் 100 சுற்று நடந்தார். 3 கோடி பவுண்டுக்கு மேல் குவிந்தது. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதே மாதம் போதை மறுவாழ்வு, மனநோய் என்று வேலை செய்கிறவர்களிடம் படம்பிடித்துக் காட்ட அப்படி ஒரு காட்சி இல்லையே. பின்னாளில் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளையின் நிர்வாகத்தில் முறைகேடு இருந்ததாக 2024 நவம்பரில் அங்குள்ள அறக்கட்டளை ஆணையம் அறிக்கை வெளியிட்டதையும் மறந்துவிட வேண்டாம்.

வைகறை:
அந்த அறிக்கையை இங்கே சேர்ப்பது நியாயமில்லை. அவர் நடந்து சேர்த்த பணம் நேராக அங்குள்ள அரசு மருத்துவமனைகளுக்கு உதவும் தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்புக்குப் போனது. விசாரணை நடந்தது அதற்குப் பிறகு தொடங்கிய அறக்கட்டளை மீது. அவரோ 2021 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார்.

ஏழைத் தெரு பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்தத் தெருவில் எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள், எந்த வீட்டில் இன்சுலின் தீரப் போகிறது என்று பெரிய நிதியின் அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? அங்கே ஏற்கெனவே நடமாடும் ஆளுக்குத்தான் தெரியும். ஊரடங்கில் அந்த ஆளின் அமைப்பு மூடிப்போனால், பிறகு எத்தனை கோடி வந்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்கக் கை இருக்காது.

கணக்குப்பிள்ளை:
முதியோருக்கு வீட்டுக்கே போய் மருத்துவ உதவி செய்யும் ஒரு சிறு அமைப்புக்கு நான் பொருளாளர். நீங்கள் இரண்டு பேரும் பணம் எங்கே போக வேண்டும் என்று பேசுகிறீர்கள். என்ன குறிப்போடு வந்தது என்பதுதான் எங்களைப் படுத்தியது.

முதல் அலையில் எங்களுக்கு வந்ததில் பெரும்பகுதி 'முகக்கவசத்துக்கு மட்டும்' என்று எழுதி வந்தது. அப்படி வந்த பணத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது, தணிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். ஆக அலுவலகத்தில் மேசைக்கு அடியில், பீரோ மேல், மாடிப்படியில் எல்லாம் முகக்கவசப் பெட்டி. அதைக் கொண்டுபோக வேண்டிய வண்டி டீசலுக்குக் காசில்லாமல் வாசலில் நின்றது. ஓட்டுநருக்குச் சம்பளம் பாக்கி. படுத்த படுக்கையாக இருந்தவர்களின் புண்ணுக்குக் கட்டு மாற்றும் செவிலியருக்கும் பாக்கி. வங்கிக் கணக்கைப் பார்த்தவர்கள் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கொடுத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டோம். "குறிப்பை 'பொதுச் செலவு' என்று மாற்றி ஒரு வரி எழுதி அனுப்ப முடியுமா?" என்று கேட்டோம். பலர் அன்றைக்கே அனுப்பினார்கள். சிலர் "என் பணம் சம்பளத்துக்கா?" என்று வைத்துவிட்டார்கள். கட்டு மாற்றும் கைக்குச் சம்பளம் கொடுக்காமல் சேவை எப்படி நடக்கும் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

2020 மார்ச்சில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள், தாங்கள் கொடுத்திருந்த நிதிக்குப் போட்ட நிபந்தனைகளைத் தளர்த்துவதாகக் கையெழுத்திட்டன. பெரிய இடங்களுக்கே இது புரிந்தது. தெருவில் வசூல் செய்கிறவர்கள் அட்டையில் 'முகக்கவச நிதி' என்று எழுதுவதற்கு முன் அந்த அமைப்பிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

நேர்கோடு:
கணக்குப்பிள்ளை ஐயா, நிபந்தனை விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் இதுவும் என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. பெரிய நிதியிடம் வண்டிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள்.

சில்லறை ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் போலியோவைப் பாருங்கள். 1938இல் அமெரிக்காவில் போலியோவுக்காக ஒரு தேசிய அமைப்பு தொடங்கினார்கள். ஆளுக்கு 10 சென்ட் நாணயம் வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொன்னார்கள். மூட்டை மூட்டையாக வந்தது. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி ஆராய்ச்சிக்கு அந்த அமைப்புதான் பணம் கொடுத்தது. 1955இல் தடுப்பூசி பலன் தருகிறது என்று அறிவித்தார்கள். அந்த நாணயங்கள் ஊருக்கு ஊர் சிதறியிருந்தால் ஆராய்ச்சி நடந்திருக்குமா?

வைகறை:
நல்ல உதாரணம், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த அமைப்புக்கு நாடு முழுக்க வட்டாரக் கிளைகள் இருந்தன. வீடு வீடாகப் போய் வசூல் செய்தது கிளைத் தொண்டர்கள். நோயாளிகளின் சிகிச்சைச் செலவைக் கொடுத்ததும், மூச்சுவிட முடியாதவர்களுக்கு 'இரும்பு நுரையீரல்' இயந்திரம் கிடைக்கச் செய்ததும் அந்தக் கிளைகள் வழியாகத்தான். தடுப்பூசி வர 17 வருடம் ஆனது. அதுவரை படுத்திருந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது யார்? ஆராய்ச்சிக்குப் பெரிய நிதி வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. இன்றிரவு மூச்சுத் திணறுகிறவருக்கு வேண்டியது பக்கத்தில் இருக்கும் அமைப்பு.

நேர்கோடு:
கிளை என்றால் மேலே கணக்குக் கேட்க ஒருவர் இருக்கிறார். தனியாக நிற்கும் சின்ன அமைப்பை யார் கேட்பது? தொற்று நேரத்தில் நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. அதனால் என் நிபந்தனை ஒன்றுதான்: வாங்கிய பணத்தின் வரவு செலவை மாதம் ஒருமுறை பொதுவில் போட வேண்டும். அதைச் செய்கிற சின்ன அமைப்புக்கு நானே வசூல் செய்து தருகிறேன். செய்யாதவரை என் பணம் பெரிய நிதிக்குத்தான்.

கணக்குப்பிள்ளை:
கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. எங்கள் கணக்கு மாதாமாதம் வாசல் பலகையிலும் கொடையாளர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் வருகிறது. உதவி பெற்றவர்களின் பெயரும் படமும் மட்டும் வராது, அதை எதிர்பார்க்காதீர்கள். சம்பளம், டீசல், மருந்து, கையிருப்பு எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். உங்கள் வசூலில் எந்தக் குறிப்பும் எழுதாமல் அனுப்புங்கள், எந்த வரியில் எவ்வளவு போனது என்று அடுத்த மாதக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.