ஜெரால்டை எப்படி எடுத்துக்கொள்வது?

பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகம் (ஈவா என்ற இளம்பெண்ணின் சாவைப் பற்றி விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் பிர்லிங் குடும்பத்தின் வீட்டுக்கு வரும் கதை) தெரிந்தவர்கள் உதவுங்கள். அடுத்த வாரம் வாசிப்பு வட்டத்தில் நான் பேச வேண்டும்.

ஆலை முதலாளி பிர்லிங் விஷயம் சுலபம். இருபத்திரண்டரை ஷில்லிங் வாரக்கூலியை 25 ஆக்கக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஈவாவை வெளியே அனுப்பினார்; 1912இன் முதலாளி, வேறென்ன செய்வார்! அவர் மனைவியோ பின்னாளில் கர்ப்பிணியாக உதவி கேட்டு வந்த ஈவாவை விரட்டியதில் தவறே இல்லை என்கிறார். மகள் ஷீலாதான் உடைந்துபோகிறாள்.

ஷீலாவுக்கு நிச்சயிக்கப்பட்ட ஜெரால்டுதான் குழப்புகிறான். ஈவாவுக்குத் தங்க இடம் கொடுத்தான், அவள் செத்துவிட்டாள் என்றதும் கலங்கினான். சரி, நல்லவன் என்று பார்த்தால், வந்த இன்ஸ்பெக்டர் போலீஸே இல்லை என்று தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஷீலாவிடம் நிச்சயதார்த்த மோதிரத்தை மறுபடி நீட்டுகிறான்! அந்தக் கலக்கம் உண்மையா, மாட்டிக்கொண்ட பயமா? இரண்டாம் அங்கத்து வசனங்களைக் காட்டி யாராவது விளக்குங்களேன்.