ப்ரோக்ரெஸிவ் கண்ணாடியில் படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது

கேள்வி – வாசகர்47

வயது 47. வெள்ளெழுத்து என்று புது பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: வலது -1.00, இடது -1.25, சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்) இல்லை, ஆட் (படிக்கக் கூட்டும் பவர்) +1.50. ப்ரோக்ரெஸிவ் (மேலே எட்டத்துக்கு, கீழே படிக்க என்று கோடில்லாமல் பவர் மாறும் லென்ஸ்) போட்டு மூன்று வாரம் ஆகிறது. எட்டத்தில் இருப்பது பளிச்சென்று தெரிகிறது. புத்தகத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் மோவாயைத் தூக்கினால்தான் எழுத்து தெளிகிறது. சாயங்காலம் பிடரி வலி. படி இறங்கும்போது தரை மிதக்கிறது. கடையில் விலை கூடின லென்ஸ் போடலாம் என்கிறார்கள். போடலாமா, இல்லை பைஃபோகலுக்கு (எட்டத்துக்கும் படிக்கவும் என்று இரண்டே பவர் உள்ள லென்ஸ்) போய்விடலாமா?

பதில் – ஃபிட்டிங் மேசை

லென்ஸை மாற்ற அவசரப்படாதீர்கள். எட்டப் பார்வை தெளிவு, படிக்க மட்டும் மோவாய் மேலே என்றால் பெரும்பாலும் லென்ஸ் கண்ணுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. மேலே ஏறியிருந்தால் இதற்கு நேர்மாறு: எட்டப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டிவரும்.

கண்ணாடியை ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். தெரியவில்லையென்றால் வாயால் ஊதி ஆவி படியவிடுங்கள். ஒவ்வொரு லென்ஸிலும் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு பொடிக் குறிகள் மங்கலாகத் தெரியும். காதுப் பக்கத்துக் குறிக்குக் கீழே 15 அல்லது 150 போல ஒரு எண் இருக்கும், அதுதான் ஆட். அது 20, 25 என்றிருந்தால் வேறு லென்ஸ் வந்திருக்கிறது.

எண் சரி என்றால், அந்தக் குறிகளை வைத்து கம்பெனி சார்ட்டில் ஃபிட்டிங் க்ராஸை (லென்ஸில் கண்ணுக்கு நேரே வர வேண்டிய புள்ளியின் அடையாளம்) திரும்பப் போட்டுத் தரக் கடையில் சொல்லுங்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக எட்டப் பாருங்கள்; எதிரே ஒருவர் உங்கள் கண் மட்டத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். க்ராஸ் கருவிழியின் நடுப்பாவையில் விழ வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. கீழே என்றால், நோஸ் பேட் உள்ள ஃப்ரேமில் பேட்களை நெருக்கினாலே கண்ணாடி ஏறிவிடும். பேட் இல்லாத பிளாஸ்டிக் ஃப்ரேமில் அப்படி ஏற்றுவது கடினம், பெரும்பாலும் லென்ஸைப் புதிதாகப் போட வேண்டிவரும். அளவு தப்பென்றால் அந்தச் செலவு கடையுடையது, தயங்காமல் கேளுங்கள்.

பி.டி.யையும் (பாவைகளுக்கு இடையே உள்ள தூரம்) இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே எடுத்தார்களா என்று பாருங்கள். 64-ஐ 32, 32 என்று பாதியாக்கினால், மூக்கு நடுவில் இல்லாதவருக்கு ஒரு கண் படிக்கும் பாதையை விட்டு விலகிவிடும்.

பதில் – டயாப்டர்

ஃபிட்டிங் சரியானாலும் கம்ப்யூட்டரில் மோவாய் தூக்குவது முழுதாகப் போகாது. திரை கண்ணுக்கு நேரே. அதற்கான பவரோ லென்ஸில் கீழே. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே வரும்படி இறக்குங்கள்.

கணக்கும் உங்களுக்குச் சாதகம். 65 செ.மீ. தூரத்துத் திரைக்குச் சுமார் 1.50 டயாப்டர் (லென்ஸ் பவரின் அளவு) வேண்டும். உங்களுக்குக் கிட்டப்பார்வை (மைனஸ் பவர்) என்பதால், கண்ணாடி இல்லாத வலது கண்ணில் 1.00 ஏற்கனவே இருக்கிறது, மீதி 0.50-ஐக் கண் தானே போட்டுக்கொள்ளும். ஆகவே முதலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலை செய்து பாருங்கள். போதவில்லையென்றால் ஆட்டில் பாதியைக் கூட்டி ஒற்றைப் பவர் கண்ணாடி: வலது -0.25, இடது -0.50.

ரெடிமேட் படிக்கும் கண்ணாடியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஆட் +1.50 என்று சீட்டில் பார்த்து +1.50 வாங்கினால், வெறுங்கண்ணின் 1.00-உம் சேர்ந்து 2.50 ஆகிவிடும், 40 செ.மீ.க்கு அப்பால் எல்லாம் மங்கல். உங்களுக்குப் படிக்கும் பவர் +0.50, +0.25 மட்டுமே.

பைஃபோகலில் படிக்கும் இடம் அகலம், ஆனால் திரைத் தூரத்துக்கென்று இடமே கிடையாது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் என்றால் நான் சொல்லமாட்டேன். படி இறங்கும்போது எந்த லென்ஸானாலும் கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையைக் குனிந்து மேல்பகுதி வழியாகப் பாருங்கள். கீழ்ப்பகுதி பக்கத்துத் தூரத்துக்கானது, அதில் படி மங்கி மிதக்கத்தான் செய்யும்.

பதில் – கண் வார்டு

சர்க்கரை இருக்கிறதா? அது ஏறி இறங்கும் சமயத்தில் எடுத்த பவர், கட்டுக்குள் வந்தபின் மாறிவிடும். சில வாரம் சீராக இருந்த பிறகு எடுங்கள். 40 தாண்டியவர் கண் அழுத்தமும் பார்த்துவிடுவது நல்லது. க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) பெரும்பாலும் வலிக்காமல் வருவது. வெள்ளெழுத்துக்கென்று போடும் பைலோகார்பின் சொட்டு மருந்து பாவையைச் சுருக்கிச் சில மணி நேரம் படிக்க உதவும்தான். ஆனால் இருட்டில் பார்வை மங்கும், தலைவலி வரலாம். கிட்டப்பார்வை உள்ளவர் விழித்திரையைச் சோதிக்காமல் போடவே கூடாது.

பதில் – ஃபிட்டிங் மேசை

ஃப்ரேமே மாற்றுவதென்றால் ஒன்று: பாவை நடுவிலிருந்து லென்ஸின் கீழ் விளிம்பு வரை 18 மி.மீ.யாவது இருக்கட்டும். ஒடுங்கின ஃப்ரேமில் படிக்கும் பகுதியை வெட்டும்போதே பாதி போய்விடும்.