டிரான்சிஸ்டர் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்க வேண்டிய கரண்ட், வோல்டேஜ் நிலையை அமைப்பது) காலை வாரிய அனுபவம் யாருக்கெல்லாம் உண்டு?

மைக் ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்தது ஒரே கவரில் இருந்த இரண்டு பிசி547பி டிரான்சிஸ்டர். 9 வோல்ட் சப்ளை, கலெக்டர் காலில் 4.7கே ரெசிஸ்டர், சப்ளையிலிருந்து பேஸ் காலுக்கு நேராக 1.8 மெக், அவ்வளவுதான் சர்க்யூட். முதல் டிரான்சிஸ்டரில் கலெக்டர் 4.4 வோல்ட், மைக்கில் பேசினால் குரல் தெளிவு. அதை வேறு போர்டுக்கு எடுத்துக்கொண்டு இரண்டாவதை மாட்டினேன். குரல் கரகரவென்று அறுந்து அறுந்து வந்தது. மீட்டர் வைத்தால் 0.1 வோல்ட். சால்டரிங்தான் சரியில்லை என்று எல்லா இணைப்பையும் மறுபடி உருக்கினேன், அதே 0.1. கடைசியில் இரண்டுக்கும் ஹெச்எஃப்இ (பேஸ் கரண்டைப் போல் கலெக்டர் கரண்ட் எத்தனை மடங்கு என்ற எண்) அளந்தால் முதலாவது 210, இரண்டாவது 430! கலெக்டர் கரண்ட் இரண்டு மடங்கானதால் 9 வோல்ட்டும் 4.7கே-யிலேயே விழுந்துவிட்டது. டேட்டாஷீட்டில் ‘பி’ பிரிவுக்கு 200 முதல் 450 வரை என்று போட்டிருக்கிறது, அதனால் இரண்டுமே நல்ல சரக்குதான். அந்த 0.1 இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

—

எனக்கும் அதே ஒற்றை ரெசிஸ்டர்தான். சூடான சால்டரிங் அயர்னை டிரான்சிஸ்டர் பக்கம் கொண்டுபோனேன், மீட்டரில் 4.5, 4.1, 3.6 என்று கண்ணெதிரே இறங்கியது. அயர்னை எடுத்ததும் மெல்ல ஏறியது. பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறையும் என்பது அன்றுதான் புரிந்தது.

—

மேலே எழுதியவருக்கு: 2 மில்லிவோல்ட் சரி, ஆனால் உங்களுக்கு நடந்ததற்குக் காரணம் அது இல்லை. பேஸ் ரெசிஸ்டரில் 8.3 வோல்ட் விழுகிறது, 30 டிகிரி ஏறினாலும் 60 மில்லிவோல்ட்தான் மாறும், பேஸ் கரண்ட் ஒரு சதவீதம்கூட நகராது. சூட்டில் ஏறியது ஹெச்எஃப்இ. அந்த 60 மில்லிவோல்ட் கடித்தது என்னைத்தான். எமிட்டரை நேராகத் தரையில் (சப்ளையின் மைனஸில்) வைத்து, பேஸுக்கு இரண்டு ரெசிஸ்டரால் வோல்டேஜ் பிரித்துக் கொடுத்தேன். காலையில் 4.5க்குச் சரிசெய்து வைத்தது மதியம் ஒரு வோல்ட்டுக்கு வந்துவிட்டது. எமிட்டரில் 1கே போடுங்கள். சப்ளையிலிருந்து பேஸுக்கு 33கே, பேஸிலிருந்து தரைக்கு 8.2கே, கலெக்டரில் 3.9கே. பேஸ் சுமார் 1.8, எமிட்டர் 1.1, கலெக்டர் 4.7 வரும். ஹெச்எஃப்இ 200 ஆனாலும் 400 ஆனாலும் கலெக்டர் 0.1 வோல்ட்கூட நகராது. கெயின் (சிக்னல் பெருகும் மடங்கு) 4தான் கிடைக்கிறதே என்று 1கே-யைக் கழற்றிவிடாதீர்கள், அதற்கு இணையாக 100 மைக்ரோஃபேரட் போட்டால் நூறைத் தாண்டும். கெபாசிட்டரின் பிளஸ் எமிட்டர் பக்கம்.

—

சின்ன போர்டில் இத்தனைக்கும் இடம் வேண்டாமா? முதல் பதிவில் சொன்ன அதே சர்க்யூட்டில் 1.8 மெக்கைக் கழற்றி, கலெக்டரிலிருந்து பேஸுக்கு 820கே போட்டேன், அவ்வளவுதான். கரண்ட் கூடினால் கலெக்டர் இறங்கும், பேஸுக்குப் போவதும் தானாகக் குறையும். 210 உள்ளதில் 4.4, 430 உள்ளதில் 3.1. நகர்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் குரல் அறுபடவில்லை. மைக்குக்கு இது போதும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

—

33கே, 8.2கே எல்லாம் சரியாகவே போட்டிருந்தேன், ஆனாலும் கலெக்டர் 7 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது, ஒலி முனகலாக வந்தது. ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன், எதிலும் குறை இல்லை. பிசி547 தீர்ந்துபோய் 2என்3904 போட்டிருந்தேன். தட்டையான முகம் நம்மைப் பார்க்க இடமிருந்து வலமாக பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். திருப்பி மாட்டியதும் 4.7.